லிப்பிட்களும் புரதமும் கணினியில் தானாகச் சேர்வது நிஜமா, எழுதி வைத்ததா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டு இவ்வளவு நீளமாக எழுதினால் இருவருக்கும் நேரம் வீண். ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் சேலம் இறங்கி வந்து எம்எஸ்சி உயிர்த்தகவலியல் படிக்கிறீர்கள். ப்ராஜெக்டுக்கு ஓஎம்பிஏ என்கிற, சவ்வில் பீப்பாய் வடிவில் நிற்கும் பாக்டீரியா புரதத்தை எடுத்திருக்கிறீர்கள். ஒரு வீடியோவில் லிப்பிட்களை, அதாவது செல் சவ்வைக் கட்டுகிற கொழுப்பு மூலக்கூறுகளை, தண்ணீருக்குள் கன்னாபின்னாவென்று தூவி, நடுவில் புரதத்தைப் போட்டு ஓடவிட்டதும், அவை தாமாகவே இரண்டு அடுக்காகச் சேர்ந்து சவ்வாகி, புரதமும் அதில் சரியாக உட்கார்ந்துகொண்டதைப் பார்த்திருக்கிறீர்கள். துறையில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கிற ஒரே கணினியில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, "அப்படிச் சேரும்படி ப்ரோக்ராம் எழுதியிருப்பார்கள், அதனால் சேர்கிறது, இதில் என்ன நிரூபணம்?" என்று உங்கள் கைடு கேட்டாராம், அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். செய்ய முடியுமா என்பதற்கு ஒரே வரிதான்: தாராளமாக முடியும். உங்கள் கைடு கேட்டதுதான் உண்மையான கேள்வி, அதற்குத்தான் இந்தப் பதில். நானும் சேலத்துக்காரன்தான். பிஎச்டி இதே சவ்வுப் புரத சிமுலேஷனில் செய்தேன், அதற்கப்புறமும் வருடக்கணக்காக இதைத்தான் செய்கிறேன், சொல்லிக் கொடுக்கிறேன்.

எழுதி வைத்தது எது, எழுதி வைக்காதது எது என்று பிரித்துப் பார்த்தால் கைடின் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும். நீங்கள் பார்த்த வீடியோ பெரும்பாலும் மார்ட்டினி என்கிற ஃபோர்ஸ் ஃபீல்டில், அதாவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும், தள்ளும் என்று சொல்கிற விதித்தொகுப்பில், ஓடியதாக இருக்கும். நெதர்லாந்தில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் சீவர்ட் யான் மாரிங்க்கின் குழு உருவாக்கியது. அதில் அணுக்களைத் தனித்தனியாக வைப்பதில்லை, ஹைட்ரஜனை விட்டுவிட்டுச் சுமார் நான்கு அணுக்களைச் சேர்த்து ஒரு மணியாக வைக்கிறார்கள். நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு மணி. ஒவ்வொரு வகை மணிக்கும் தண்ணீர் எவ்வளவு பிடிக்கும், எண்ணெய் எவ்வளவு பிடிக்கும் என்பதை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? சின்னச் சின்ன மூலக்கூறுகளைத் தண்ணீரும் எண்ணெய் போன்ற கரைப்பானும் இருக்கிற குடுவையில் போட்டால் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று ஆய்வகத்தில் அளந்த எண்களிலிருந்து. அதற்குப் பொருந்தும்படி மணிகளுக்கு இடையேயான ஈர்ப்பைச் சரிசெய்தார்கள். ஆக, எழுதி வைத்தது "இந்த மணிக்குத் தண்ணீர் பிடிக்கும், இந்த மணிக்குப் பிடிக்காது" என்பது மட்டும்தான். "இரண்டு அடுக்காக நில்", "புரதத்தின் நடுப்பகுதியைச் சவ்வுக்குள் வை" என்று எந்த வரியிலும் எழுதவில்லை. அந்த வடிவம் தானாக வெளியே வருகிறது. இதைக் கைடிடம் இப்படியே சொல்லலாம்: உள்ளே போட்டது விருப்பு வெறுப்பு, வெளியே வந்தது அமைப்பு.

ஆனால் நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிப்பிட்டுக்கு ஒரு தலை, இரண்டு வால் என்று மணிகளைக் கோத்ததும், வாலுக்குத் தண்ணீர் பிடிக்காது என்று சொன்னதும், சவ்வு உருவாவதற்கான பாதி வேலை முடிந்துவிட்டது என்பது உண்மை. உருவான சவ்வின் தடிமனும் ஒரு லிப்பிட் பிடிக்கிற பரப்பளவும் சோதனை அளவுகளோடு ஒத்துப்போகிறதா என்றும் மாடலை உருவாக்கும்போதே பார்த்துச் சரிசெய்திருக்கிறார்கள். அதனால் "சவ்வு உருவானது" என்பதை உங்கள் கண்டுபிடிப்பாக ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். அதில் புதிதாக எதுவும் இல்லை. உங்கள் புரதம் அந்தச் சவ்வில் எந்த ஆழத்தில், எந்தச் சாய்வில் நின்றது என்பதுதான் யாரும் முன்கூட்டி உள்ளே போடாத பதில்.

ஓடும்போது பெட்டிக்குள், அதாவது லிப்பிட்டும் தண்ணீரும் புரதமும் இருக்கிற கணினி வெளிக்குள், நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், வீடியோவில் வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். முதல் சில நானோ நொடிகளிலேயே வால்கள் ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டு ஒழுங்கில்லாத கட்டிகளாகிவிடும். இந்தக் கட்டம் மிக வேகம். அப்புறம் கட்டிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பலகை மாதிரியான அடுக்கு வரும், ஆனால் அது முழுசாக இருக்காது. அடுக்கைத் துளைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் ஓட்டை இருக்கும், அல்லது இந்தப் பக்க அடுக்கையும் பெட்டியின் எல்லை தாண்டி அந்தப் பக்க அடுக்கையும் இணைக்கிற ஒரு லிப்பிட் பாலம் இருக்கும். இந்தப் பாலம் அறுந்து, ஓட்டை மூடுவதற்குத்தான் நேரம் ஆகிறது. மொத்த நேரத்தில் பெரும்பங்கை இதுவே தின்றுவிடும், சில ரன்களில் ஓட்டை கடைசிவரை மூடாமலும் போகும். புரதம் இதற்கிடையில் சும்மா இருப்பதில்லை. ஓஎம்பிஏவின் பீப்பாய்க்கு வெளிப்புறத்தில் நடுவில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, அதனால் முதல் கட்டிகளே அதைச் சுற்றித்தான் உருவாகும். ஓட்டை மூடியதும் பீப்பாய் கொஞ்சம் ஆடி, சாய்ந்து, நிமிர்ந்து ஒரு நிலைக்கு வரும். ஹீலிக்ஸ் (சுருள்) புரதமானாலும் பீப்பாய்ப் புரதமானாலும், டிரிப்டோபான், டைரோசின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களும் சவ்வின் இரு விளிம்புகளில், லிப்பிட்டின் தலையும் வாலும் சேருகிற மட்டத்தில் வரிசையாக வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். படிக அமைப்புகளிலும் சவ்வுப் புரதங்களுக்கு இந்த இரட்டை வளையம் இருப்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அது சிமுலேஷனில் சொல்லாமலேயே சரியான மட்டத்தில் வந்து நிற்பதை முதல்முறை பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, இப்போதும் அப்படித்தான்.

ஏன் அணு அணுவாகச் செய்யாமல் மணியாகச் செய்கிறோம் என்பதற்குக் கணக்கு எளிது. சோதனைக்காரர்களும் சிமுலேஷன்காரர்களும் அதிகம் பயன்படுத்துகிற டிபிபிசி என்ற லிப்பிட்டில் 130 அணுக்கள், மார்ட்டினியில் அதற்கு 12 மணிகள். 250 லிப்பிட், 14,000 தண்ணீர் மூலக்கூறு, ஓஎம்பிஏவின் பீப்பாய்ப் பகுதி என்று வைத்துக்கொண்டால் அணுக்கணக்கில் ஏறக்குறைய 77,000, மணிக்கணக்கில் ஏறக்குறைய 7,000. இது முதல் லாபம். இரண்டாவது, அணுக்களை வைத்து ஓட்டினால் ஒவ்வொரு படியும் 2 ஃபெம்டோ நொடிதான் (நானோ நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ நொடி) எடுத்துவைக்க முடியும், மணிகள் கனமாகவும் வழவழப்பாகவும் நகர்வதால் 20 ஃபெம்டோ நொடி வைக்கலாம். ஒரு மைக்ரோ நொடிக்கு முதல் முறையில் 50 கோடி படி, இரண்டாவதில் 5 கோடி படி. உங்கள் துறைக் கணினியில் இந்த அளவுப் பெட்டி ஒரு மைக்ரோ நொடி ஓட ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். 1977இல் முதன்முதலாக ஒரு புரதத்தை, அதுவும் தண்ணீரே இல்லாமல், கணினியில் ஓடவிட்டபோது ஓடியது 10 பிகோ நொடிக்கும், அதாவது நானோ நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கும், குறைவு. 2001இல் மாரிங்க் குழு 64 டிபிபிசி லிப்பிட்களை அணு அணுவாகவே வைத்து, அவை தாமாக இரட்டை அடுக்காவதைக் காட்டினார்கள். அதில் புரதம் இல்லை. புரதத்தோடு சேர்த்துச் செய்ததில் உங்களுக்கு நேரடியாக வேண்டியது 2006இல் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் பாண்டும் மார்க் சான்சமும் செய்த வேலை, ஏனென்றால் அவர்கள் எடுத்த இரண்டு புரதங்களில் ஒன்று உங்கள் ஓஎம்பிஏவேதான். இன்னொன்று ரத்தச் சிவப்பணுவில் இருக்கிற கிளைக்கோஃபோரின். ப்ராஜெக்டின் முதல் அத்தியாயம் எழுதும் முன் அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்துவிடுங்கள். நீங்கள் செய்யப்போவது அதைத் திரும்பச் செய்வதும், அதிலிருந்து ஓரடி தள்ளிப் போவதும்தான். எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு அது கௌரவமான வேலை.

சரி, எதை உறுதியாக நம்பலாம்? புரதம் சவ்வில் நிற்கிற ஆழம், சராசரிச் சாய்வு, எந்தெந்த அமினோ அமிலம் வாலைத் தொடுகிறது, எது தலையைத் தொடுகிறது, எது தண்ணீரில் நிற்கிறது, இதையெல்லாம் நம்பலாம். ஆக்ஸ்ஃபோர்டில் இதே முறையைத் தானியங்கியாக்கி, அமைப்பு தெரிந்த சவ்வுப் புரதங்களை ஒவ்வொன்றாக லிப்பிட் குழம்பில் போட்டு ஓட்டி, முடிவுகளை மெம்ப்ரோட்எம்டி என்ற தரவுத்தளத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் புரதத்துக்கு விடை அங்கேயே கிடைக்கும், அதைப் பார்த்துவிட்டுச் சோர்ந்துவிடாதீர்கள், உங்கள் ரன்னைச் சரிபார்க்க அது ஒரு அளவுகோல். லிப்பிட்டே இல்லாமல், எண்ணெய்க்குள் நகர்த்த எவ்வளவு ஆற்றல் ஆகும் என்ற கணக்கை மட்டும் வைத்துப் புரதத்தைச் சவ்வில் நிறுத்துகிற ஓபிஎம் தரவுத்தளமும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு வழி. உங்கள் ரன், ஓபிஎம், மெம்ப்ரோட்எம்டி மூன்றும் ஒரே ஆழத்தைச் சொன்னால் அந்த எண்ணைத் தைரியமாக எழுதலாம். இன்னொரு நம்பகமான விஷயம், புரதத்தைச் சுற்றி சவ்வு எப்படி வளைகிறது என்பது. ஓஎம்பிஏ பீப்பாயின் எண்ணெய்ப் பசைப் பட்டை ஏறக்குறைய 2.5 நானோமீட்டர் உயரம்தான், டிபிபிசி சவ்வின் வால்பகுதி அதைவிடக் கொஞ்சம் தடிமன். அதனால் பீப்பாயை ஒட்டிய லிப்பிட்கள் குறுகி, சவ்வு அங்கே லேசாகக் குழியும். இதை உங்களால் தெளிவாக அளந்து படமாகவே காட்ட முடியும்.

இப்போது கைடின் கேள்வியின் மற்ற பாதி. இந்த சிமுலேஷன் எதை நிரூபிக்கவில்லை என்பதில்தான் மாணவர்கள் வைவாவில் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் பெட்டிக்குள் போடுகிற ஓஎம்பிஏ ஏற்கனவே மடிந்து முடிந்த பீப்பாய். மார்ட்டினியில் இரண்டாம் நிலை அமைப்பு, அதாவது எது ஹீலிக்ஸ், எது பீட்டா இழை என்பது, நாம் தொடக்கத்தில் சொன்னபடியே கடைசிவரை இருக்கும். அது அவிழ்ந்து மாறுவதற்கு மாடலில் இடமே கிடையாது. ஹைட்ரஜன் பிணைப்புக்குத் திசை உண்டு, நான்கு அணுவை ஒரு உருண்டையாக்கிவிட்ட பிறகு அந்தத் திசை போய்விட்டது, அதனால் அமைப்பு குலையாமல் இருக்க புரதச் சங்கிலியின் முதுகெலும்பு மணிகளுக்கு இடையே ஸ்பிரிங் போட்டுக் கட்டிவைக்கிறோம். எலாஸ்டிக் நெட்வொர்க் என்று படித்திருப்பீர்களே, அதுதான். ஆகவே "புரதம் எப்படி மடிகிறது" என்று உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு இடத்தில்கூட வரக்கூடாது. "மடிந்த புரதம் லிப்பிட்களோடு எப்படிச் சேர்கிறது" என்று எழுதுங்கள்.

அதேபோல, செல்லுக்குள் இப்படி நடப்பதில்லை. உயிருள்ள செல்லில் லிப்பிட் குழம்பு எதுவும் புரதத்துக்காகக் காத்திருப்பதில்லை, சவ்வு ஏற்கனவே இருக்கிறது. ஹீலிக்ஸ் வகைப் புரதங்களை ரைபோசோம் செய்யச் செய்யவே செக் என்கிற வாயில் சவ்வுக்குள் வழியனுப்புகிறது. ஓஎம்பிஏ போன்ற பீப்பாய்களை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கிற பாம் என்கிற கூட்டுப்புரதம் செருகுகிறது. அப்படியானால் தானாகச் சேர்வது என்பதே பொய்யா என்றால், இல்லை. 1981இல் ஹர் கோவிந்த் குரானாவின் குழு பாக்டீரியோரோடாப்சின் என்கிற சவ்வுப் புரதத்தை முழுசாக அவிழ்த்துவிட்டு, பிறகு லிப்பிட் சூழலில் அதைத் திரும்ப மடிய வைத்துக் காட்டியது. 1992இல் சர்ரேயும் யேனிக்கும் யூரியாவில் அவிழ்த்த ஓஎம்பிஏவை லிப்பிட் குமிழிகளோடு கலந்தபோது, எந்த உதவிப் புரதமும் இல்லாமல் அது மடிந்து சவ்வுக்குள் போய் உட்கார்ந்தது. ஆக, எங்கே எப்படி நிற்க வேண்டும் என்ற தகவல் புரதத்தின் வரிசையிலும் லிப்பிட்டின் இயல்பிலும் இருக்கிறது, செல்லின் இயந்திரங்கள் அதை வேகமாகவும் தவறில்லாமலும் நடத்திக் கொடுக்கின்றன. இது சோதனையால் நிலைநாட்டப்பட்ட விஷயம். உங்கள் சிமுலேஷன் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பார்க்கிறது.

நேரத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகப் புரியும். குமிழி சோதனையில் அவிழ்ந்த ஓஎம்பிஏ மடிந்து செருகிக்கொள்ள நிமிடக்கணக்கில் ஆகிறது. உங்கள் பெட்டியில் நூற்றுக்கணக்கான நானோ நொடிகளில் முடிந்துவிடும். இரண்டும் ஒரே நிகழ்வாக இருக்கவே முடியாது, கிராபிக்ஸ் கார்டின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மடிந்த புரதத்தைச் சுற்றி லிப்பிட் அடுக்கிக்கொள்வதற்குத் தடை குறைவு, அதனால் சீக்கிரம். அவிழ்ந்த சங்கிலி சவ்வின் குறுக்கே நுழைந்து பீப்பாயாவதற்குத் தடை பெரிது. வைவாவில் "எவ்வளவு நேரத்தில் நடந்தது" என்று கேட்டால் நானோ நொடி எண்ணை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நானோ நொடியுமே சரியான நானோ நொடி இல்லை: மணிகள் வழவழப்பாக இருப்பதால் லிப்பிட்கள் நிஜத்தைவிட வேகமாக நகர்கின்றன, சராசரியாக நான்கு மடங்கு என்று மார்ட்டினிக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் எல்லா அசைவுக்கும் ஒரே நான்கு மடங்கு கிடையாது. நேரத்தைப் பற்றிய எந்த முடிவையும் அந்த நான்கை வைத்துப் பெருக்கி எழுதாதீர்கள், "சிமுலேஷன் நேரம்" என்று குறிப்பிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

லிப்பிட் தேர்வைப் பற்றியும் கைடு கேட்க வாய்ப்பு இருக்கிறது. டிபிபிசி என்பது ஃபாஸ்ஃபாடிடைல்கோலின் வகை, ஓஎம்பிஏ வருவது ஈ.கோலையிலிருந்து, ஈ.கோலையில் ஃபாஸ்ஃபாடிடைல்கோலினே கிடையாது. அதன் வெளிச்சவ்வின் உள்பக்க அடுக்கில் முக்கியமாக ஃபாஸ்ஃபாடிடைல்எத்தனோலமைன், வெளிப்பக்க அடுக்கில் லிப்போபாலிசாக்கரைடு என்கிற, சர்க்கரைச் சங்கிலி தாங்கிய பெரிய மூலக்கூறு. இரண்டு பக்கமும் ஒன்று இல்லை. டிபிபிசி குழம்பில் போட்டால் உங்கள் புரதத்துக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதமே கிடையாது, தலைகீழாகச் சேர்ந்தாலும் அதே ஆற்றல்தான். ஆகவே புரதம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதற்கு உங்கள் ரன்னில் அர்த்தம் இல்லை, எந்த ஆழத்தில் நின்றது என்பதற்கு மட்டும்தான் அர்த்தம். லிப்போபாலிசாக்கரைடு வைத்துத் தானாகச் சேரவைக்கப் பார்க்காதீர்கள், அது மிக மெதுவாக நகரும், ஒரு எம்எஸ்சி காலத்தில் முடிகிற காரியம் இல்லை. வேண்டுமானால் இரண்டாவது பகுதியாக, டிபிபிசியில் கிடைத்த ஆழத்தை வைத்துக்கொண்டு, வால் குட்டையான லிப்பிட் ஒன்றில் அதே ரன்னைத் திரும்பப் போட்டு, சவ்வு குழிவது குறைகிறதா என்று பாருங்கள். நான் மேலே சொன்ன "ஓரடி தள்ளி" அதுதான். வெப்பநிலையைப் பொறுத்தவரை, நிஜ டிபிபிசி 41 டிகிரி செல்சியஸில்தான் உறைந்த நிலையிலிருந்து இளகும், சேலத்து மே மாதத்தின் வழக்கமான வெயில்கூட அதற்குப் பத்தாது, அதனால்தான் சோதனைகளும் ரன்களும் 50 டிகிரியில், அதாவது 323 கெல்வினில் நடக்கின்றன. பழைய மார்ட்டினி டிபிபிசி 22 டிகிரி வாக்கிலேயே இளகிவிடுகிறது. மாடலுக்கும் நிஜத்துக்கும் இருக்கிற தூரத்துக்கு இது ஒரு நல்ல உதாரணம், ரிப்போர்ட்டில் ஒரு வரியாக எழுதலாம்.

சந்தேகத்தோடு பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் புரதமும் புரதமும் ஒட்டுவதற்கு. மார்ட்டினியின் இரண்டாம் பதிப்பில் புரதங்கள் தேவைக்கு மேல் ஒட்டிக்கொள்கின்றன, ஒட்டினால் பிரிவதே இல்லை என்று பலர் காட்டியிருக்கிறார்கள். 2021இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்காகவே நிறைய மாற்றினார்கள், நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனாலும் ஒவ்வொரு புரத ஜோடிக்கும் தனியாகச் சரிபார்க்காமல் நம்ப மாட்டேன். பாண்ட், சான்சம் வேலையில் கிளைக்கோஃபோரினின் இரண்டு ஹீலிக்ஸ்கள் சவ்வுக்குள் போன பிறகு ஒன்றையொன்று கண்டுபிடித்து ஜோடி சேர்ந்தன, அந்த ஜோடி ஆய்வகத்தில் என்எம்ஆர் முறையில் கண்ட அமைப்புக்கு மிக நெருக்கமாக இருந்தது. அது நல்ல செய்தி, ஆனால் விடை முன்பே தெரிந்த ஒரு ஜோடியில் கிடைத்த நல்ல செய்தி. விடை தெரியாத ஜோடியில் சிமுலேஷன் சொல்வதை ஊகம் என்றுதான் எழுத வேண்டும். நீங்கள் ஒரே ஒரு ஓஎம்பிஏ போடுவதால் இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை, தயவுசெய்து ஆர்வத்தில் இரண்டு போட்டுவிடாதீர்கள். இரண்டாவது சந்தேகம் ஓஎம்பிஏவின் வெளிப்பக்க வளையங்கள். நான்கும் நீளமானவை, நிஜத்தில் நன்றாக ஆடக்கூடியவை, படிக அமைப்பில் அவற்றின் சில பகுதிகள் தெளிவாகவே தெரியாது. அவற்றுக்கும் சேர்த்து ஸ்பிரிங் போட்டுவிட்டால் வளையங்கள் விறைத்துப்போய், அவற்றைப் பற்றி நீங்கள் எழுதுவதெல்லாம் நாம் போட்ட ஸ்பிரிங்கைப் பற்றியதாகிவிடும். பீப்பாய்க்கு மட்டும் போடுங்கள்.

செய்முறைக்கு வருகிறேன். சிமுலேஷனை ஓட்டும் மென்பொருள் குரோமாக்ஸ், இலவசம், மார்ட்டினிக்குப் பழகியது. பல மாணவர்கள் சறுக்குவது அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற இடத்தில்: தயாராக அடுக்கிய சவ்வுக்கு எழுதிய செட்டிங்கை அப்படியே எடுத்துப் போடுவார்கள். தானாகச் சேரும் ரன்னில் சவ்வு எந்தத் தளத்தில் உருவாகும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் பெட்டியின் மூன்று பக்கங்களும் தனித்தனியாக நீளவும் சுருங்கவும் விட வேண்டும், இல்லையென்றால் ஓட்டை மூட இடம் கிடைக்காமல் அப்படியே நிற்கும். சவ்வு உருவான பிறகு அதைச் சரியான திசைக்குத் திருப்பி, வழக்கமான செட்டிங்குக்கு மாறி, நிதானமாக ஓட்டுங்கள். படத்தில் சவ்வு இரண்டாக உடைந்து பெட்டியின் மேலும் கீழும் நிற்பது போலத் தெரிந்தால் பதற வேண்டாம், பெட்டியின் ஒரு பக்கம் வெளியேறுவது மறுபக்கம் உள்ளே வருகிறது, புரதத்தை நடுவில் கொண்டுவந்து பார்த்தால் ஒழுங்காக இருக்கும். கவனிக்க வேண்டிய இன்னொன்று, தானாகச் சேரும்போது இரண்டு அடுக்கிலும் லிப்பிட் எண்ணிக்கை சமமாக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு மூன்று வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, அதிகமாக இருந்தால் அந்த ரன்னில் சவ்வு ஒரு பக்கம் நெருக்கி இழுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், சாய்வு அளவுக்கு அதை எடுக்காதீர்கள்.

ஒரு ரன்னோடு நிறுத்தவே கூடாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த வேலையில் செல்லாது. லிப்பிட்களை வேறு வேறு விதமாகத் தூவி, வேறு தொடக்க வேகங்கள் கொடுத்து, குறைந்தது ஐந்து ரன்னாவது தனித்தனியாகப் போடுங்கள். ஐந்திலும் ஆழம் ஒன்றாக வந்து, சாய்வு கொஞ்சம் முன்னே பின்னே வந்தால், ஆழத்தைப் பற்றி உறுதியாகவும் சாய்வைப் பற்றி ஒரு வீச்சாகவும் எழுத உங்களுக்கு அடிப்படை கிடைத்துவிடும். ஓட்டை மூடாத ரன்னையும் மறைக்காமல் எண்ணிக்கையில் சேர்த்து எழுதுங்கள், அதைப் பார்த்தால் தேர்வாளருக்கு உங்கள் மீது நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய சங்கடங்கள். ஏப்ரல், மே மாதத்தில் ஏசி இல்லாத லேபில் கிராபிக்ஸ் கார்டு சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதே ரன் டிசம்பரில் ஓடுவதைவிட மெதுவாக ஓடினால் செட்டிங்கில் கோளாறு தேட வேண்டாம், கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஒரு டேபிள் ஃபேன் வைத்துப் பாருங்கள். கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், குரோமாக்ஸ் தானாகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட் கோப்பு எழுதுகிறது, அதிலிருந்து தொடரச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆனால் யூபிஎஸ் இல்லாமல் போடாதீர்கள், கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அந்தக் கோப்பே கெட்டுப்போகலாம். செக்பாயின்ட்டின் முந்தைய பிரதியையும் அது வைத்திருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். மாலையில் மலைக்குப் பஸ் ஏறும் முன் ரன்னைப் போட்டுவிட்டு, வீட்டிலிருந்து ரிமோட்டாக நுழைந்து பார்க்கத் துறையில் அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பைக் கீழே இறக்க வேண்டியதில்லை, ஆற்றல் எப்படிப் போகிறது, பெட்டி நீளம் எப்படிப் போகிறது என்று எழுத்தாகப் பார்த்தால் போதும், ஏற்காட்டில் கிடைக்கிற சிக்னலே அதற்குப் போதும்.

கடைசியாக, உங்கள் கைடு கேட்ட நிரூபணத்துக்கு ஓஎம்பிஏவிலேயே ஒரு அருமையான சோதனை இருக்கிறது, இந்தப் புரதத்தை எடுத்தது உங்கள் அதிர்ஷ்டம். அதில் ஐந்து டிரிப்டோபான்கள், 7, 15, 57, 102, 143 ஆகிய இடங்களில். அமெரிக்காவில் லூகாஸ் டாமின் குழுவினர் ஒவ்வொன்றாக ஒரு டிரிப்டோபானை மட்டும் விட்டு மற்ற நான்கையும் மாற்றிய புரதங்களைச் செய்து, ஃப்ளூரசன்ஸ், அதாவது டிரிப்டோபான் வெளியிடுகிற ஒளி, வழியாக, புரதம் சவ்வுக்குள் போகும்போது ஒவ்வொரு டிரிப்டோபானும் எங்கே இருக்கிறது என்று அளந்தார்கள். 15, 57, 102, 143 நான்கும் சவ்வைக் குறுக்காகக் கடந்து மறுபக்கம் போகின்றன, 7 மட்டும் புறப்பட்ட பக்கத்திலேயே நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். பயணத்தை உங்கள் ரன் காட்டாது, காரணம் மேலே சொல்லிவிட்டேன். ஆனால் பயணம் முடிந்த இடத்தைக் காட்டும். சவ்வின் நடுவைப் பூஜ்ஜியமாக வைத்து, ஐந்து டிரிப்டோபான்களின் உயரத்தையும் நேரத்துக்கு எதிராக ஒரே படத்தில் வரையுங்கள், கூடவே லிப்பிட்டின் தலையையும் வாலையும் இணைக்கிற கிளிசரால் மணிகளின் மட்டத்தையும் இரண்டு கோடாகப் போடுங்கள். ஐந்து ரன்னிலும் நான்கு ஒரு கோட்டின் பக்கமும் 7 எதிர்க்கோட்டின் பக்கமும் வந்து நின்றால், அந்தப் படத்தையே முதல் பக்கத்தில் வைத்துக் கைடிடம் கொடுங்கள். ஏதாவது ஒரு ரன்னில் மட்டும் ஐந்தும் சேர்ந்து மேலேயோ கீழேயோ நகர்ந்திருந்தால், அங்கே ஓட்டை மூடிவிட்டதா, இரண்டு அடுக்கின் லிப்பிட் எண்ணிக்கை என்ன என்று முதலில் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் அந்த ரன்னின் செட்டிங் கோப்பை இங்கே போடுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.